கோரிப்பாளையத்தில் படிக்கும் மகளுக்கு உசிலம்பட்டியில் ஒரு கணக்கு

கேள்வி: எங்களுக்கு உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறோம். மூத்த மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்து, மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் தங்கப்போகிறாள். வருகிற ஐப்பசியில்தான் 18 வயது முடிகிறது. ஒன்பதாவது படிக்கும்போது உதவித்தொகைக்காகப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிக் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. பாஸ்புக் மட்டும்தான், கார்டு கிடையாது. எனக்குக் கிராம வங்கியில் கணக்கு. கல்லூரியில் சேர்க்கப் போன அன்று, வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், "ஜீரோ பேலன்ஸ், அஞ்சு நிமிஷத்துல கணக்கு, பேக் இலவசம்" என்றார்கள். என் தம்பி, வட்டி கூடத் தருகிற வேறொரு வங்கியைச் சொல்கிறான். பக்கத்து வீட்டு அக்கா தபால் ஆபீஸ்தான் நல்லது என்கிறார். மாதம் 3,000 ரூபாய் அனுப்பலாம் என்றிருக்கிறேன். என்னிடம் பட்டன் போன்தான். எந்த பேங்க் நல்லது?
— பெயர் வேண்டாம், உசிலம்பட்டி வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் பத்திரமாக இருக்குமா என்ற கவலை மட்டும்தான் என்றால், நீங்கள் சொன்ன எல்லா இடத்துக்கும் பதில் ஒன்றுதான். அரசு வங்கி, தனியார் வங்கி, கிராம வங்கி எதுவானாலும், ஒரு வங்கியில் ஒருவர் போட்டிருக்கும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது 1 லட்சமாக இருந்தது. தபால் ஆபீஸ் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. மாதம் 3,000 ரூபாய் வந்து போகிற கணக்குக்கு அந்தப் பயமே வேண்டாம்.

பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் போகும்போது எல்லோரும் பணம் எடுக்கும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். கல்லூரிக்குப் பக்கத்தில் கிளை இருக்கிறதா, ஹாஸ்டல் பக்கம் ஏடிஎம் இருக்கிறதா என்று கேட்பார்கள். கோரிப்பாளையத்தில் நின்று திரும்பிய பக்கமெல்லாம் ஏடிஎம்தான். டீக்கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் யூபிஐ அட்டை தொங்குகிறது. மதுரையில் பணத்தை எடுக்க உங்கள் மகள் சிரமப்படப் போவதில்லை. பணத்தை உள்ளே போடுவதுதான் சிரமம், அதைச் செய்யப்போவது நீங்கள். பூவை மார்க்கெட்டில் கொடுத்துவிட்டுக் கையில் நோட்டாக வாங்குகிறீர்கள், உங்களிடம் இருப்பது பட்டன் போன். அதனால் கணக்கு எங்கே என்பதை மதுரையில் தேடாதீர்கள், உசிலம்பட்டியில் தேடுங்கள். பூ மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எந்த அரசு வங்கிக் கிளை இருக்கிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல வங்கி.

அந்த வங்கியில் மகளுக்குக் கணக்கு இருந்தால், சலானில் கணக்கு எண்ணை எழுதி நோட்டைக் கட்டிவிடலாம். கிளையில் பணம் போடும் மெஷின் இருந்தால் வரிசைகூட வேண்டாம். நீங்கள் பஸ் ஏறுவதற்குள் அவள் போனுக்கு மெசேஜ் போய்விடும். அதே வங்கியின் மதுரைக் கிளை எதிலும் அவள் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் கணக்கு இருக்கும் கிளைக்குத்தான் போக வேண்டும், இப்போது அப்படியில்லை. நாலு வருடம் கழித்து வேறு ஊரில் வேலை கிடைத்தாலும், கணக்கை மூடாமல் அங்குள்ள கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் கிராம வங்கியிலேயே அவளுக்கும் கணக்கு வைத்தால் என்ன என்று தோன்றலாம். தவறில்லை. நம் பக்கத்தில் பாண்டியன் கிராம வங்கி என்று சொல்லிப் பழகியது, 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. அங்கேயும் ரூபே கார்டு, யூபிஐ எல்லாம் உண்டு. ஆனால் மதுரைக்குள் அதன் சொந்த ஏடிஎம்கள் குறைவு. பிற வங்கி ஏடிஎம்மில் மதுரை போன்ற ஊர்களில் மாதம் 5 முறைதான் இலவசம். அதில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதும் ஒரு முறையாகச் சேரும். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையும் வரியும் பிடிக்கலாம் என்று 2025 மே மாதம் முதல் விதி இருக்கிறது. உங்கள் கிராமத்திலேயே கிராம வங்கிக் கிளை இருந்து, உசிலம்பட்டிக்கு நீங்கள் எப்போதாவதுதான் போகிறீர்கள் என்றால், நானே கிராம வங்கியைத்தான் சொல்வேன். பூவோடு அடிக்கடி உசிலம்பட்டிக்கு வருகிறவர் என்றால் அங்குள்ள அரசு வங்கி.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு. எனக்கு அதில்தான் அக்கறை அதிகம்.

உங்கள் மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்துக்குத் தகுதி உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், மாதம் 1,000 ரூபாய். நீங்கள் அனுப்புவதில் மூன்றில் ஒரு பங்கு. இதுபோன்ற தொகைகளும் கல்வி உதவித்தொகைகளும் பெரும்பாலும் ஆதாரைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. ஆதார் எண் எந்த வங்கியோடு சேர்த்துப் பதியப்பட்டிருக்கிறதோ, அந்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் போகும் என்று நம்ப முடியாது. இதை 'சீடிங்' என்பார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். புதிய வங்கியில் ஒப்புதல் கொடுத்தால் பழையது விலகி, புதியது உட்கார்ந்துவிடும்.

நான் முப்பத்திரண்டு வருடம் ஓர் அரசு வங்கியில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் மதுரைக்குள்ளும் சுற்றியுள்ள ஊர்களிலும். ஒவ்வொரு கல்வி ஆண்டிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகளாவது, "சார், எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப் வந்துருச்சு, எனக்கு வரல" என்று என் மேஜை முன் நிற்பார்கள். ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளை, அப்பா இல்லை. எங்களிடம் அவள் வைத்திருந்த கணக்கில் ஒன்றரை வருடமாக ஒரு ரூபாய் வரவில்லை. தேடிப்பார்த்ததில், கல்லூரி வாசலில் கணக்குத் தொடங்கியபோது ஒரு டேப்லெட்டில் விரல் வைத்திருக்கிறாள். அதில் இந்த ஒப்புதலும் இருந்திருக்கிறது. உதவித்தொகை முழுவதும் அந்த இன்னொரு வங்கிக்குப் போயிருந்தது. அங்கே அது சலுகைக் கணக்காகவும் இல்லை. இருப்பு குறைவு, இருப்பு குறைவு என்று மாதாமாதம் பிடித்திருந்தார்கள். மீதியை எடுத்துக்கொண்டு வந்து, அது போதுமா என்று என்னிடம் கேட்டாள். பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு அது போதவில்லை.

வாசலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கணக்கு என்று இலக்கு. ஆனால் அவசரத்தில் விரல் வைக்கக் கூடாது என்று உங்கள் மகளிடம் சொல்லி அனுப்புங்கள். கல்லூரியே ஒரு குறிப்பிட்ட வங்கியில் கணக்கு வேண்டும் என்று கேட்டால் தொடங்கட்டும், இரண்டு வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பதில் குற்றமில்லை. "ஆதாரை அடையாளத்துக்கு மட்டும் தருகிறேன், அரசு உதவித்தொகைக்கு இந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லி, அந்தக் கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது எந்த வங்கியில் சேர்ந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். இ-சேவை மையத்தில் கேட்டாலும் பார்த்துச் சொல்வார்கள். ஆதாரோடு பதிந்த போன் கையில் இருக்க வேண்டும், ஓடிபி வரும்.

ஆகவே முதல் வேலை அந்தப் பழைய பாஸ்புக்கை எடுப்பது. எந்த வங்கி என்று நீங்கள் எழுதவில்லை. உசிலம்பட்டியில் உள்ள அரசு வங்கி என்றால், புதுக் கணக்கே வேண்டாம், அதைச் சரிசெய்து பயன்படுத்துங்கள். கிளைக்குப் போய் அந்தக் கணக்கில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள். பள்ளியில் மொத்தமாகக் கணக்குத் தொடங்கும்போது ஆசிரியர் நம்பர், சித்தப்பா நம்பர், இப்போது யாரிடமோ இருக்கிற பழைய நம்பர் என்று எதையாவது கொடுத்திருப்பார்கள். ஓடிபி அங்கே போகும், யூபிஐ வேலை செய்யாது. மகள் கையில் இருக்கப்போகிற சிம்மின் எண்ணை எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். அந்த எண்ணை ஆதாரிலும் பதிந்துவிட்டால் நல்லது. அப்புறம் அந்த எண்ணை ரீசார்ஜ் இல்லாமல் விட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டு வருடமாக அவளாக எதுவும் போடவோ எடுக்கவோ இல்லை என்றால் கணக்கு முடங்கியிருக்கலாம். உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்குகளை அப்படி முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லி, அது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் பழைய கணக்கு என்பதால் கேட்டுவிடுவது நல்லது. முடங்கியிருந்தால் திரும்ப உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெயரையும் பாருங்கள். நம் ஊரில் முதலெழுத்து படுத்தும் பாடு பெரிது. மதிப்பெண் பட்டியலில் முன்னால் ஒரு முதலெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பாஸ்புக்கில் எதுவுமே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால், உதவித்தொகை விண்ணப்பம் சும்மா திரும்பி வரும். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். இந்த வேலையை ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் முடிப்பது லேசு, பிறகு ஒவ்வொரு தடவையும் ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து வர வேண்டும்.

முகவரி பற்றிச் சிலர் குழப்புவார்கள். ஆதாரை ஹாஸ்டல் முகவரிக்கு மாற்ற வேண்டாம். ஊர் முகவரியே இருக்கட்டும். இப்போது தங்கியிருக்கும் இடம் இது என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வங்கிக்குப் போதும். ஆனால் 15 வயதுக்குப் பிறகு ஆதாரில் கைரேகையைப் புதுப்பித்தாளா என்று கேளுங்கள். அதைச் செய்யாத பிள்ளைகளுக்கு வங்கியில் விரல் வைத்தால் ஏற்காது.

ஐப்பசி வரை அவள் மைனர். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் கார்டு, யூபிஐ, எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். அந்த நாலைந்து மாதத்துக்குக் கார்டு மட்டும் கிடைத்தாலும் சமாளிக்கலாம். 18 முடிந்த அடுத்த வாரமே புதுக் கையெழுத்தும் புதுப் போட்டோவும் கொடுத்துக் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்றிவிட வேண்டும். மறந்தால், ஒரு நாள் பணம் எடுக்கப் போகும்போது நின்றுபோயிருக்கும். இது பெரும்பாலும் கட்டணம் கட்டும் வாரத்தில்தான் தெரியவரும். காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

சரி, ஜீரோ பேலன்ஸ். அதற்காகத் தனியார் வங்கியைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஸ்டேட் வங்கி எல்லாச் சேமிப்புக் கணக்குக்கும் 2020-லேயே குறைந்தபட்ச இருப்பை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கியும் அடுத்த மாதமும் அந்த அபராதத்தைக் கைவிட்டன. போதாததற்கு, அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று எல்லா வங்கியிலும் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, கார்டு இலவசம், மாதம் நாலு முறையாவது கட்டணமில்லாமல் எடுக்கலாம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது.

தனியார் வங்கியின் மாணவர் கணக்கைப் பொய் என்று சொல்லவில்லை. படிக்கும் வரை ஜீரோ என்பது உண்மையாக இருக்கலாம், படிப்பு முடிந்த பிறகு என்ன என்றுதான் கேட்க வேண்டும். சாதாரணக் கணக்காக மாறிவிட்டால், நகரத்துக் கிளைகளில் மாதச் சராசரி 10,000, சில இடங்களில் அதற்கும் மேல் கேட்பார்கள். சராசரி என்றால் ஒவ்வொரு நாள் இருப்பையும் கூட்டி நாட்களால் வகுப்பது. உங்கள் மகள் கணக்கில் மாதத் தொடக்கத்தில் 3,000 ஏறி, கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆகிறது என்று வையுங்கள். சராசரி 1,500 வரும். அந்த அபராதத்தால் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. இருக்கிற பணம் தீரும்வரை பிடிக்கத் தடை இல்லை.

இந்த 1,500-ஐ வைத்தே தம்பி சொல்கிற வட்டியையும் பார்த்துவிடலாம். இரண்டரை சதவீதம் தருகிற வங்கியில் வருடத்துக்கு 37 ரூபாய் 50 காசு. ஏழு சதவீதம் தருகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 105 ரூபாய். வித்தியாசம் 67 ரூபாய் சொச்சம். நோட்டைக் கட்ட உசிலம்பட்டியை விட்டு வேறு ஊருக்கு ஒரு தடவை போய் வந்தால் அதில் பெரும்பகுதி பஸ்ஸுக்கே போய்விடும். தம்பி சொல்வது, எடுக்காமல் போட்டு வைக்கிற பணத்துக்குச் சரி. அக்கா சொல்கிற தபால் ஆபீஸும் அப்படித்தான், சேர்த்து வைக்க நல்ல இடம். அங்கே 500 ரூபாய் இருப்பு வைத்திருக்க வேண்டும், அன்றாடச் செலவுக்கு வங்கிதான் வசதி.

நீங்கள் 3,000-ஐயும் ஒரே நாளில் போடாமல், பூ விற்கிற கையோடு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை 1,500 என்று போட்டால் என்ன? முதல் தடவை வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்கு, கையில் இருப்பதை எத்தனை நாளைக்கு நீட்டுவது என்று பழக அது உதவும். முதல் ஆறு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்க்கிற பணத்தை அவள் கணக்கில் வைக்க வேண்டாம், உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். கட்டவேண்டிய நேரத்தில் கல்லூரிக் கணக்குக்கு உங்கள் கிளையிலிருந்தே நெஃப்ட் மூலம், அதாவது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் முறையில், அனுப்பலாம். 10,000 ரூபாய் வரை அனுப்ப இரண்டரை ரூபாயும் வரியும்தான் ஆகும்.

கடைசியாக ஒன்று, இதை அவளிடம் நேரில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். கல்லூரிப் பிள்ளைகளிடம், "உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் குடு, உனக்கு ரெண்டாயிரம் தர்றேன்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சில சமயம் கேட்பது சீனியராக இருக்கும், ஹாஸ்டல் தோழியின் அண்ணனாக இருக்கும். கார்டையும் சிம்மையும் ஒரு மாதத்துக்குக் கொடு என்பார்கள். அது எங்கோ யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். தெரியாமல் செய்தேன் என்று நிரூபிப்பதற்குள் படிப்பு போய்விடும். கணக்கும் கார்டும் சிம்மும் அவளுடையவை, யாருக்கும் ஒரு நாள்கூடக் கடன் கொடுக்கக் கூடாது. யூபிஐ ரகசிய எண் பணம் கொடுக்கத்தான் தேவை, பணம் வாங்குவதற்கு அதை அழுத்தச் சொன்னால் அது மோசடி. ஏதாவது தவறாக நடந்துவிட்டால் பயந்துகொண்டு உங்களிடம் மறைக்காமல், அந்த மணி நேரத்திலேயே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க வங்கியின் பொறுப்பே குறைந்துபோகும். திட்ட மாட்டேன் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் அவள் உடனே போன் பண்ணுவாள்.

18 முடிந்து கையெழுத்து மாற்றப் போகிற அன்று, வருடத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுப் படிவத்தையும் கேட்டு வாங்கி நிரப்பச் சொல்லுங்கள். 2 லட்சம் ரூபாய்க்கான காப்பீடு. மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள், அப்போது 20 ரூபாயாவது இருக்க வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால் ஒன்றில் மட்டும் போடட்டும், இரண்டு பிரீமியம் கட்டினாலும் ஒரு தொகைதான் கிடைக்கும். வாரிசுதாரர் இடத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

கிளைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். அசல் ஆதார், பழைய பாஸ்புக், இரண்டு போட்டோ, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், அவளுடைய போன் கையில் இருக்கட்டும். பான் கார்டு இல்லை என்றால் அதற்கு ஓர் உறுதிமொழிப் படிவம் அங்கேயே தருவார்கள். மாத முதல் வாரம் போகாதீர்கள், பென்ஷன்காரர்கள் கூட்டம் இருக்கும். பத்தாம் தேதிக்கு மேல் ஒரு நாள், பூ மார்க்கெட் வேலை முடிந்ததும் காலையிலேயே போனால், மேலாளரிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அந்தப் பாஸ்புக் எந்த வங்கியுடையது, ஆதார் எங்கே சேர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.